ஜோவ்ஜுவாங்: வரி கட்டிய ஊர்

ஜோவ்ஜுவாங்கில் பஸ்ஸால் இறங்கினவுடன் முதலில் வருவது வாசம்தான். கால்வாய் வாசம் இல்லை, பன்றித்தொடை வாசம். சோயா சோஸும் சீனியும் போட்டு மணித்தியாலக்கணக்கில் அவித்த முழுத் தொடைகள் கறுஞ்சிவப்பாக மினுங்கிக்கொண்டு கடைக்குக் கடை அடுக்கிக் கிடக்கும். பேர் ‘வான்சான் தொடை’. எங்களில் ஒருவர் பன்றி தொடமாட்டார். மற்ற இரண்டு பேரும் ஒன்றை வாங்கி, பாதியிலேயே தோற்றுப்போய், மிச்சத்தைக் கட்டித் தரச்சொல்லிப் பையில் வைத்துக்கொண்டோம்.

ஷங்ஹாயில் படித்த காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு, விடிய வெளிக்கிட்டு இரவு திரும்பக்கூடிய ஏதாவது ஓர் ஊருக்குப் போய்வருவது எங்கள் வழக்கம். ஜோவ்ஜுவாங், ஷங்ஹாய்க்கும் சூஜோவுக்கும் இடையில், குன்ஷான் நகரத்தின் கீழ் வருகிற ஊர். யாங்சி ஆற்றின் தென்கரைப் பிரதேசமான ஜியாங்நானில் இப்படிக் கால்வாய் ஊர்கள் பல இருக்கின்றன. பழைய பகுதி அரைச் சதுர கிலோமீற்றர்கூட வராது. குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய்கள், அவற்றின் மேலே கல்லுப் பாலங்கள், இரு பக்கமும் வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடும் போட்ட வீடுகள். படத்தில் பார்த்தால் நம்பமாட்டீர்கள், நேரில் பார்த்தாலும் கொஞ்ச நேரம் நம்பேலாமல்தான் இருக்கும். நாங்கள் போனபோது நுழைவு ரிக்கெற் 100 யுவான். மாணவர் கையில் அது பெரிய காசு. அதனால் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்ற வைராக்கியத்தோடு உள்ளே போனோம்.

உள்ளே போனால் எல்லாமே ஒரே மனிதரில் போய் முடிகிறது. தொடைக்குப் பேர் கொடுத்த அந்த ஷென் வான்சான். 14ஆம் நூற்றாண்டு வணிகர். ஜியாங்நானிலேயே பெரிய பணக்காரர். போட்ட பொருளைப் பெருக்கித் தரும் மாயக் கிண்ணம் ஒன்று வைத்திருந்தாராம். மிங் வம்சத்தைத் தொடங்கிய ஜூ யுவான்ஜாங் நாஞ்சிங்கில் தலைநகர மதில் கட்டியபோது மூன்றில் ஒரு பங்கை இவர் தன் செலவில் கட்டிக்கொடுத்தாராம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, படைவீரர்களுக்கும் நானே விருந்து வைக்கிறேன் என்று கேட்டுவிட்டார். சக்கரவர்த்தியின் படைக்கு ஒரு குடியானவன் சோறு போடுவதா என்று மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. கொல்லப் போனவரை மகாராணி தடுத்தாள். கடைசியில் நாட்டின் தென்மேற்கு மூலையான யுன்னானுக்கு நாடு கடத்தினார்கள். தொடைக்கும் ஒரு கதை இருக்கிறது. விருந்துக்கு வந்த மன்னர் இது என்ன கறி என்று கேட்டாராம். சீனத்தில் பன்றியும் ‘ஜூ’, மன்னரின் குடும்பப் பேரும் ‘ஜூ’. பன்றித்தொடை என்று சொன்னால் தலை போகும். ஷென் தன் தொடையிலேயே தட்டி, ‘இது வான்சானின் தொடை’ என்றாராம். ஒலிபெருக்கியைக் காதில் மாட்டிக்கொண்டு இந்தக் கதையைச் சொன்ன வழிகாட்டிப் பெண்ணுக்கு அன்றைக்கு அது எத்தனையாவது தடவையோ தெரியாது. ஆனாலும் தொடையைத் தட்டும் இடத்தில் தானும் தட்டினாள்.

நல்ல கதை. ஆனால் கணக்குப் பார்த்தால் இடிக்கிறது. மகாராணி தடுத்த சம்பவம் மிங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாற்று நூலில் இருக்கிறது. அந்த நூல் முடிந்தது 1739ல், மிங் ஆட்சி விழுந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. ஷென் குடும்பத்துக் கல்லறைக் கல்வெட்டுகளையும் உள்ளூர்க் குறிப்புகளையும் படித்த ஆய்வாளர்கள் பலர், 1368ல் மிங் ஆட்சி தொடங்குமுன்பே வான்சான் இறந்துவிட்டார் என்கிறார்கள். இறந்தவர் மதில் கட்டவும் முடியாது, மன்னரோடு கோபப்படவும் முடியாது. எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கிற ‘ஷென் மாளிகை’யும் அவர் வீடில்லை. அவர் வழிவந்த ஒருவர் 1742ல் கட்டியது அது. நூறு அறைக்கு மேல், ஏழு முற்றங்கள், முன்னால் வள்ளம் கட்ட ஒரு நீர்வாசல். கதை அரச வரலாற்றில் ஏறியதும் வீடு எழும்பியதும் மூன்று வருட இடைவெளியில் என்பது எங்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது. கதை அதற்கு முன்னரே வாய்வழியாக உலாவியது என்பதும் உண்மைதான்.

ஆனால் பொய்க்கதை என்று தள்ளிவிட ஏலாது. ஷென் குடும்பம் உண்மையாகவே நொறுக்கப்பட்டது. 1393ல் தளபதி லான் யூ மேல் சதிக்குற்றம் சுமத்தி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அந்த வலையில் வான்சானின் வழித்தோன்றல்களும் சிக்கினார்கள். அதைவிடப் பெரிய விசயம், நொறுக்கப்பட்டது ஒரு குடும்பம் மட்டுமில்லை என்பது.

ஜூ யுவான்ஜாங் ஆட்சியைப் பிடிக்கச் சண்டை போட்டபோது சூஜோவில் இருந்தவர் அவருடைய போட்டியாளர் ஜாங் ஷிசெங். 1367ல் மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகுதான் சூஜோவ் விழுந்தது. ஜாங்கின் பக்கம் நின்ற பிரதேசத்தை ஜூ மன்னிக்கவே இல்லை. பெரிய நிலக்காரரின் காணிகளைப் பறித்தார், குடும்பங்களைப் பெயர்த்து வேறிடங்களில் குடியேற்றினார். பறித்த காணிகளில் குத்தகைக்காரர் முதலாளிக்குக் கொடுத்த குத்தகை எவ்வளவோ அதையே அரச வரியாகப் பதிந்தார். 1393ம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் தானிய வரி சுமார் 2 கோடியே 94 இலட்சம் ஷி. ஒரு ஷி என்பது ஏறத்தாழ 100 லீற்றர் அளவு. அதில் சூஜோவ் மாவட்டம் மட்டும் 28 இலட்சம் ஷி. நாட்டின் பயிர்நிலத்தில் நூற்றில் ஒரு பங்கு உள்ள மாவட்டம், வரியில் பத்தில் ஒரு பங்கைச் சுமந்தது. அதே ஆண்டு இன்னொரு கட்டளையும் வந்தது: சூஜோவ், சோங்ஜியாங் ஆட்கள் நிதி அமைச்சில் வேலை பார்க்கக்கூடாது. தங்கள் ஊர் வரியைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்.

ஜோவ்ஜுவாங் இந்த நிலத்தின் நடுவில் இருக்கிறது. இந்தப் பகுதியில் கால்வாய்கள் அழகுக்கு வெட்டினவை இல்லை. தாய் ஏரியின் கீழ்ப்பக்கம் முழுக்கப் பள்ளமான சதுப்பு. நிலத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, அந்த மண்ணாலேயே வரம்பணை போட்டு, உள்ளே நெல் விதைத்தார்கள். கவனிக்காமல் விட்டால் கால்வாய் சில வருடங்களில் தூர்ந்துவிடும். 10ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட வூயுவே அரசு தூர்வாருவதற்கென்றே தனிப் படைப்பிரிவு வைத்திருந்தது. பிறகு அந்த வேலை குடியானவர் தலையில் விழுந்தது. அவர்கள் வள்ளத்தில் நின்று, மூங்கில் கம்பில் கட்டிய வலைக்கூடையால் அடிச்சேற்றை அள்ளி வயலுக்குப் பசளையாகப் போட்டார்கள். ஊர் மலத்தையும் அதிகாலையில் வள்ளங்கள் வந்து காசு கொடுத்து ஏற்றிப்போகும். அதுவும் வயலுக்குத்தான். வள்ளத்தில் சுற்றுலாக்காரரை ஏற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் நீலச்சட்டை அம்மாமாரைப் பார்த்தபோது இதைத்தான் கதைத்துக்கொண்டு போனோம். மலவள்ளத்துக்கு யாரும் பாட்டுப் பாடியிருக்கமாட்டார்கள்.

இந்தச் சேற்று நிலத்தில் ஊர் எப்படி வந்தது? 1086ல் ஜோவ் என்ற குடும்பத்தார் ஒரு பௌத்த விகாரைக்கு நிலம் கொடுத்ததிலிருந்து ஊருக்கு ‘ஜோவ் பண்ணை’ என்று பேர் என்பது வழமையான விளக்கம். அது பேர் வந்த கதை. ஊர் வளர்ந்த கதைக்கு வரிக்குத்தான் திரும்பவேண்டும். வயலில் விளைந்த நெல்லில் பெரும்பங்கு வரிக்கும் குத்தகைக்கும் போய்விடும். தலைநகரம் பெய்ஜிங்குக்கு மாறிய பிறகு தெற்கின் நெல்லைப் பெருங்கால்வாய் வழியே வடக்கே கொண்டுபோனார்கள். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு ஆண்டுக்கு 40 இலட்சம் ஷி என்று அளவே குறித்தார்கள். கொண்டுபோகிற செலவும் கொடுக்கிறவன் தலையில். மிச்ச நெல்லில் வருசம் ஓடாது. அதனால் வீட்டுக்கு வீடு பெண்கள் நூல் நூற்றார்கள், பருத்தித் துணி நெய்தார்கள், பட்டுப்புழு வளர்த்தார்கள். விடிய ஒரு சுருள் துணியைக் கொண்டுவந்து விற்று, அரிசியும் பஞ்சும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பவேண்டும். அதற்கு வள்ளத்தில் அரைநாளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு சந்தை வேண்டும். ஜியாங்நானில் இத்தனை சிறு ஊர்கள் ஏன் இவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கின்றன என்பதற்கு விடை பெரும்பாலும் இதுதான். ஷென் வான்சானின் மாயக் கிண்ணம் என்று ஒன்று இருந்திருந்தால் அது ஏதோ ஒரு பெண்ணின் தறியாகத்தான் இருந்திருக்கும். ஊருக்குள்ளே தறி இருக்கிறது, பார்த்தோம். பழைய சட்டை போட்ட ஒரு பெண் நெய்து காட்டுகிறாள். பக்கத்திலேயே கழுத்துத்துண்டு விற்பனை. வரியைப் பற்றி எந்தப் பலகையிலும் ஒரு வரி இல்லை.

இந்தத் தறி வாழ்க்கை எப்படி முடிந்தது என்பதை எழுதியவர்கள் இதே பிரதேசத்துக்காரர்கள். பக்கத்தில் இன்னொரு கால்வாய் ஊரான வூஜென்னில் 1896ல் பிறந்த மாவ் துன், 1932ல் எழுதிய ‘வசந்தகாலப் பட்டுப்புழுக்கள்’ கதையில் ஒரு குடும்பம் கடன் வாங்கி, நித்திரை முழித்துப் புழு வளர்க்கும். கூடு என்றுமில்லாத அளவுக்கு விளையும். வாங்க ஆளில்லை, நூற்பாலைகள் பூட்டு. நல்ல விளைச்சலே அவர்களைக் கூடுதல் கடனில் தள்ளும். உலக மந்தமும் ஜப்பானியப் பட்டின் போட்டியும் அந்த வருடங்களில் ஜியாங்நானுக்குச் செய்தது அதுதான். நாலு வருடம் கழித்து, 1936ல், மானிடவியலாளர் ஃபெய் ஷியாவ்தோங் தன் சொந்தப் பகுதியான வூஜியாங்கில் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். வூஜியாங் ஜோவ்ஜுவாங்குக்குப் பக்கத்து மாவட்டம். அவர் கண்டது: நெல் மட்டும் அந்தக் கிராமத்துக்கு ஒருபோதும் போதியதில்லை. பட்டுத்தான் பள்ளத்தை நிரவியது. பட்டு விழுந்ததும் கடன், கடனுக்குக் காணி. காணியின் புது எசமானர்கள் கிராமத்தில் இல்லை, ஊரில் இருந்தார்கள். குத்தகையை வசூலிக்க ஆள் வைத்துக்கொண்டு, தங்கள் வயல் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ‘ஜாங் மாளிகை’ வேறு மாதிரித் தெரிகிறது. 15ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடு. வீட்டுக்குள்ளேயே கால்வாய் ஓடுகிறது. வள்ளம் நேரே உள்ளே வந்து நிற்கலாம், திரும்புவதற்கு ஒரு சின்னக் குளமும் இருக்கிறது. எல்லோரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். அந்த வள்ளத்தில் என்ன வந்து இறங்கியிருக்கும் என்றுதான் பிறகு யோசித்தோம்.

1949க்குப் பிறகு காணிச் சீர்திருத்தம் வந்தது. இப்படியான பெரிய வீடுகளைப் பல குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் அப்படியே கிடந்தது. சுற்றிவர ஏரியும் ஆறும், 1980களின் கடைசிவரை ஒழுங்கான தெருப்பாதை இல்லை, வள்ளத்தில்தான் போகவேண்டும். பக்கத்து ஊர்கள் பாதை வெட்டி, கால்வாயை மூடி, ஓட்டு வீடுகளை இடித்துத் தொழிற்சாலை கட்டியபோது, ஜோவ்ஜுவாங்குக்கு அதற்கும் வசதியில்லை. காப்பாற்றியது முதலில் வறுமைதான்.

பிறகு ஓர் ஓவியம். ஷங்ஹாயில் வளர்ந்து அமெரிக்காவுக்குப் போன சென் யீஃபெய், இந்த ஊரின் இரட்டைப் பாலத்தை ‘ஊரின் நினைவு’ என்று வரைந்தார். ஒன்று வளைவுப் பாலம், மற்றது தட்டையான பாலம். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் இடம், பழைய காலத்துத் திறப்பு மாதிரி. மிங் காலத்தில், 16ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கட்டியவை. ஓவியத்தை வாங்கிய அமெரிக்க எண்ணெய் முதலாளி ஆர்மண்ட் ஹாமர், 1984ல் அதைச் சீனத் தலைவர் டெங் சியாவோபிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார். பரிசு கைமாறியபோது அந்தப் பாலத்தைத் தினம் கடந்து மரக்கறி வாங்கப் போனவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் தோங்ஜி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ருவான் யீசான் மாணவர்களோடு ஊர் ஊராகப் போய், பழைய ஊரை இடிக்காதீர்கள், புது ஊரைத் தள்ளிக் கட்டுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கேட்காத ஊர்கள் பல. ஜோவ்ஜுவாங் கேட்டது. பாலங்களை இன்றைக்குப் பார்க்க முடிவதற்கு ஓவியத்தைவிட அவருடைய வரைபடங்களே கூடக் காரணம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் பாலத்தடியில் கேட்டுப்பாருங்கள், எல்லோருக்கும் தெரிந்த பேர் ஓவியருடையது.

பின்னேரம் கூட்டம் குறைந்த பிறகு, கடைகள் இல்லாத ஓர் ஓரச் சந்துக்குள் போனோம். ஒரு பாட்டி கால்வாய்ப் படியில் குந்தியிருந்து தும்புத்தடியைக் கழுவிக்கொண்டிருந்தா. எங்கட வகுப்பறைச் சீனம் அவவுக்குப் பாதிதான் விளங்கியது, அவவின் ஊர்ப் பேச்சு எங்களுக்குக் காலே அரைக்கால். பிள்ளைகள் குன்ஷானில் வேலை, அங்கேதான் வீடு. முன்பக்க வீட்டை வெளியூர் ஆளுக்குக் கடையாக வாடகைக்கு விட்டாச்சு. தான் பின்னால். ‘பன்றித்தொடை சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டா. பையைக் காட்டினோம். ‘அது உங்களுக்குச் செய்கிறது, நாங்கள் அப்படிச் சாப்பிடுறதில்லை, சீனி கூட’ என்று சிரித்தா. ஊர் ஆட்களுக்கு வாசலில் ரிக்கெற் இல்லை. ஆனால் அவவைப் பார்க்க வருகிற சிநேகிதிக்கு? கேட்கத் தோன்றவில்லை, பஸ்ஸில்தான் நினைவு வந்தது. ஹூனான் மாகாணத்தின் ஃபெங்ஹுவாங் என்ற பழைய ஊரில் 2013 ஏப்ரலில் ஊர் நுழைவுக்கே 148 யுவான் என்று அறிவித்தபோது, கடைக்காரர்கள் கடைகளைப் பூட்டித் தெருவில் இறங்கினார்கள். மூன்று வருடத்தில் அந்த ரிக்கெற் கைவிடப்பட்டது. வூஜென்னில் மேற்குப் பகுதியைச் சீரமைத்தபோது குடியிருந்தவர்களையே வெளியே அனுப்பினார்கள். அங்கே கல்லுப் பாதை சுத்தம், கால்வாய் சுத்தம், தும்புத்தடி கழுவ யாருமில்லை. அப்படிப் பார்த்தால் அந்தப் பாட்டி இன்னும் அந்தப் படியில் குந்தியிருப்பது பெரிய காரியம்.

திரும்பும் பஸ்ஸில், நெடுஞ்சாலையில் ‘தாய்சாங்’ என்ற அம்புக்குறிப் பலகையைப் பார்த்ததும் எங்களில் ஒருவர் மற்றவர்களைத் தட்டி எழுப்பினார். தாய்சாங்கின் லியூஜியாகாங் துறையிலிருந்துதான் 15ஆம் நூற்றாண்டில் செங் ஹேயின் கப்பல்கள் வெளிக்கிட்டன. அங்கே 1431ல் அவர்கள் வைத்த கல்வெட்டில் எங்கள் தீவின் பேரும் இருக்கிறது. ஜோவ்ஜுவாங்கும் தாய்சாங்கும் அன்றைக்கு ஒரே சூஜோவ் மாவட்டம். ஒரே வரி. அந்தக் கப்பல்களில் வந்ததுதான் காலியில் கிடைத்த மும்மொழிக் கல். 1409ம் ஆண்டுத் திகதியோடு சீனாவிலேயே பொறித்துக் கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கு, தமிழில் தென்னாவரை நாயனாருக்கு என்று காணிக்கைப் பட்டியல்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு வகைகள், வாசனை எண்ணெய். அதே கடற்படைதான் 1411ல் இங்கேயிருந்த அரசன் அழகக்கோனாரைப் பிடித்து நாஞ்சிங்குக்குக் கொண்டுபோனது. காணிக்கையும் படையும் ஒரே கருவூலச் செலவு. பள்ளிக்கூடத்தில் செங் ஹேயைப் படித்தபோது அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

விடுமுறைக்கு வந்தபோது கொழும்பு தேசிய நூதனசாலையில் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்தோம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேல்பக்கம் இரண்டு ட்ராகன். தமிழ்ப் பகுதியில் எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பத்து நிமிடம் நின்றோம், பாதிக்கு மேல் பிடிபடவில்லை. 1911ல் இதைக் காலியில் கண்டெடுத்தவர் ஒரு பொறியியலாளர். அப்போது அது வீதியோரம் தண்ணீர் போகிற ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது.